ஊமத்தை தரும் நஞ்சும் மருந்தும்

நம் விடுதிக்குப் பின்புறம், மதிற்சுவரை ஒட்டிய குப்பைமேட்டில் ஊமத்தைச் செடிகள் செழித்து நிற்கின்றன. மாலை வேளையில் அவற்றின் வெண்ணிறப் பூக்கள் எக்காளம்போல் வாய் விரிப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். காசி நகரில் சிவராத்திரி நெருங்கினால் அதே செடியின் முள் நிறைந்த காய்கள் வில்வ இலையோடு கூடைகூடையாக விற்பனைக்கு வருகின்றன.

ஊமத்தை நஞ்சு என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதில் உள்ள பொருளே அரசு மருத்துவமனைகளில் நாள்தோறும் உயிர்களைக் காத்துவருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரே பொருள் உயிரை எடுக்கவும் கொடுக்கவும் வல்லதாக இருப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான் வேதியியல் பயில்பவன். எனினும் இலக்கியமும் வரலாறும் பயிலும் நண்பர்களுக்கும் விளங்குமாறு எழுத முயல்கிறேன்.

பெயரும் பிறப்பும்

ஊமத்தை என்னும் சொல் 'உன்மத்தம்' என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. உன்மத்தம் என்றால் பித்து. தேவாரப் பாடல்களில் சிவபெருமான் சூடும் மலர்களுள் ஒன்றாக 'மத்தம்' வருகிறது, அதுவும் ஊமத்தையே. இதை உண்டவனுக்கு என்ன நேரும் என்பதை நம் முன்னோர் பெயரிலேயே பொறித்து வைத்துவிட்டனர். வடநாட்டில் இதற்குத் 'தத்தூரா' என்று பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, 1753-இல் தாவரங்களுக்குப் பெயர் சூட்டியபோது, நம் நாட்டுச் சொல்லையே இலத்தீன் வடிவில் எடுத்துக்கொண்டார்.

இங்கு ஒரு விந்தை உண்டு. ஊமத்தை இனத்தின் காட்டு உறவினர்கள் ஏறக்குறைய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தில்தான் வளர்கின்றன. ஆகவே இந்தச் செடி கொலம்பசுக்குப் பின்னரே நம் நாட்டிற்கு வந்திருக்கவேண்டும் என்று பலர் கருதினர். ஆனால் ஏழாம் நூற்றாண்டுத் தேவாரத்தில் மத்தம் மணக்கிறதே! பழைய நூற்சான்றுகளை ஆராய்ந்த இரு அறிஞர்கள், இச்செடி கொலம்பசுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கீழை நாடுகளில் இருந்தது என்று 2007-இல் எழுதினர். அது எவ்வழியாக வந்தது என்னும் வினா இன்றும் ஆய்வில் உள்ளது. தாவரவியலாருக்கும் பழம்பாடல் துணையாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு வளையம், பல செடிகள்

ஊமத்தை, நாம் உண்ணும் கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியக் காடுகளில் வளரும் பெல்லடோனாவும், குரோசாணி ஓமம் எனப்படும் செடியும் இக்குடும்பத்தினவே. இவை மூன்றிலும் ஹயோசயமின், ஸ்கோப்பொலமின் என்னும் ஆல்கலாய்டுகள் உள்ளன. தாவரங்களில் தோன்றும், நைட்ரஜன் அடங்கிய, பெரும்பாலும் காரத்தன்மை வாய்ந்த பொருள்களை ஆல்கலாய்டுகள் என்கிறோம். தேயிலையின் கஃபீனும், புகையிலையின் நிக்கோட்டினும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஊமத்தையின் ஆல்கலாய்டுகளுக்கெல்லாம் அடிப்படையாக ஒரே கட்டுக்கோப்பு இருக்கிறது. அதற்கு டிரோப்பேன் என்று பெயர். ஏழு கரி அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வளையத்தின் குறுக்கே ஒரு நைட்ரஜன் அணு இரு கரி அணுக்களைப் பற்றிக்கொண்டு பாலம்போல் நிற்கிறது. இதுவே டிரோப்பேன். இந்தக் கட்டுக்கோப்பின்மேல் வேறு வேறு கிளைகள் பொருந்தும்போது வேறு வேறு ஆல்கலாய்டுகள் உண்டாகின்றன.

தென் அமெரிக்காவின் கொக்கோ இலையில் உள்ள கொக்கெயினும் ஒரு டிரோப்பேன்தான். கொக்கெயினையும் ஸ்கோப்பொலமினையும் எரித்துப் பகுத்துப் பார்த்தால் இரண்டிலும் 17 கரி, 21 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 4 ஆக்சிஜன் அணுக்களே இருக்கும். எண்ணிக்கையில் எள்ளளவும் வேறுபாடில்லை. ஆயினும் ஒன்று மனத்தைக் கிளறி அடிமையாக்கும். மற்றொன்று மயக்கி நினைவை அழிக்கும். ஒரே எழுத்துகளை மாற்றி அடுக்கினால் பொருள் மாறுவதுபோல, அணுக்களின் அடுக்கு மாறியதும் குணமும் மாறிவிட்டது. கொக்கோச் செடிக்கும் ஊமத்தைக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இவ்விரு குலங்களும் டிரோப்பேன் வளையத்தைத் தனித்தனியே, வெவ்வேறு நொதிகளின் துணையால் ஆக்கக் கற்றுக்கொண்டன என்று இன்றைய ஆய்வு காட்டுகிறது.

ஆய்வுக்கூடத்தில்

1830-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலார் பெல்லடோனாவிலிருந்து ஒரு வெண்ணிறப் படிகத்தைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அட்ரோப்பின் என்று பெயரிட்டனர். கிரேக்கர்களின் கதையில் மனிதனின் ஆயுள் நூலை அறுக்கும் தெய்வத்திற்கு அட்ரோப்பசு என்று பெயர். பெல்லடோனாவின் தாவரப் பெயரும் அத்தெய்வத்தை ஒட்டியதே.

செடியில் இருப்பது ஹயோசயமின். குப்பியில் கிடைப்பது அட்ரோப்பின். இவ்விரண்டிற்கும் உள்ள உறவை அறிந்துகொள்ளுதல் நன்று. நம் இடக்கையும் வலக்கையும் அமைப்பில் ஒன்றே. ஆனால் இடக்கை உறை வலக்கைக்குப் பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இவ்வாறு இடவடிவம், வலவடிவம் உண்டு. செடி இடவடிவத்தை மட்டுமே ஆக்குகிறது. அதைப் பிரித்தெடுக்கும்போது வெப்பத்தாலும் காரத்தாலும் பாதி வலவடிவமாக மாறிவிடுகிறது. இக்கலவையே அட்ரோப்பின். வலவடிவத்திற்கு உடலில் வேலை மிகக் குறைவு. ஆகவே எடைக்கு எடை, அட்ரோப்பின் ஹயோசயமினில் ஏறத்தாழப் பாதி வலிமை உடையது.

1901-இல் வில்சுடாட்டர் என்னும் ஜெர்மானியர், டிரோப்பேன் வளையத்தைக் கொண்ட டிரோப்பினோன் என்ற பொருளைச் செயற்கையாக ஆக்கினார். ஏழு கரி வளையத்தில் தொடங்கிப் பல படிகளைக் கடந்தே அவர் அதை எட்ட முடிந்தது. இறுதியில் கையில் எஞ்சியது தொடக்கப் பொருளில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவு. 1917-இல் ராபின்சன் என்னும் ஆங்கிலேயர் மூன்று எளிய பொருள்களை நீரில் ஒன்றாகக் கலந்து, ஒரே கலத்தில் அதே டிரோப்பினோனைப் பெற்றார். கடுஞ்சூடு இல்லை, வன்மையான அமிலம் இல்லை. செடி தன் வேரின் குளிர்ந்த ஈரத்தில் இதைச் செய்கிறது என்றால், நாமும் அவ்வாறு செய்யமுடியும் என்பதே அவருடைய சிந்தனை. எங்கள் வகுப்பில் இப்பாடம் நடந்த அன்று, கரும்பலகையில் வில்சுடாட்டரின் படிகள் நிறைந்து வழிய, ராபின்சனின் வழி ஒரே வரியில் முடிந்ததைக் கண்டு நாங்கள் வியந்துபோனோம்.

இந்த ஆல்கலாய்டுகளைக் கண்டறிவதற்கு விட்டாலி சோதனை என்ற பழைய முறை ஒன்று உண்டு. ஐயப் பொருளில் புகையும் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து வற்றவைத்து, எஞ்சியதில் சாராயத்தில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடை விட்டால் கத்தரிப்பூ நிறம் தோன்றும். இன்று நுண்கருவிகள் பல வந்துவிட்டன. எனினும் கண்ணெதிரே அந்நிறம் மலர்வதைப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது.

உடலில் இது செய்வது யாது?

நம் நரம்புகள் உறுப்புகளுக்குக் கட்டளை இடுவது எவ்வாறு என்பதை முதலில் அறியவேண்டும். 1921-இல் ஆட்டோ லூவி என்பவர் தவளையின் துடிக்கும் இதயம் ஒன்றை உப்புநீரில் வைத்து, அதன் வேகசு நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவாயிற்று. அந்த உப்புநீரை எடுத்து, நரம்பு தூண்டப்படாத இன்னோர் இதயத்தின்மேல் செலுத்தினார். அதுவும் மெதுவாயிற்று! நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அதன்வழியே பேசுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அப்பொருளே அசிட்டைல்கொலின். இதற்காக லூவியும் ஹென்றி டேலும் 1936-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

அசிட்டைல்கொலினை ஒரு சாவி என்று கொள்வோம். கண், உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, மூச்சுக்குழல், இதயம், குடல், மூளை ஆகியவற்றில் அதற்குரிய பூட்டுகள் உள்ளன. அட்ரோப்பின் அப்பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது. பூட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். உண்மைச் சாவி வந்தாலும் இடமிராது.

இதை அறிந்துகொண்டால் ஊமத்தை நஞ்சின் குறிகளை நாமே ஊகிக்கலாம். உமிழ்நீர் வற்றி நாக்கு ஒட்டும், விழுங்க முடியாது. வியர்வை நின்றுவிடுவதால் உடல் அனலாய்க் கொதிக்கும், தோல் சிவக்கும். கண்ணின் பாவை விரிந்து, அருகில் உள்ளது மங்கும், வெளிச்சம் உறுத்தும். வேகசின் கடிவாளம் அறுந்ததால் இதயம் குதிரைபோல் ஓடும். சிறுநீர் கட்டும். மூளையை எட்டியதும் பிதற்றலும் பொய்த்தோற்றங்களும் தொடங்கும். இல்லாத ஆளோடு பேசுவார்கள். இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுப்பார்கள். அளவு மிகுந்தால் வலிப்பும், நினைவிழப்பும், சாவும் நேரும்.

கண்ணின்மேல் இதன் ஆற்றலைப் பற்றி ஒரு செய்தி கூறுவர். 1819-இல் ஃபிரீட்லீப் ரூங்கே என்ற 25 வயது மாணவர், பூனை ஒன்றின் கண்ணில் இத்தகைய செடியின் சாற்றை இட்டுப் பாவையை விரியச் செய்து, அதைக் கையில் ஏந்திக் கவிஞர் கதேயிடம் சென்று காட்டினார். மகிழ்ந்த கதே அவருக்குக் காப்பிக்கொட்டைகள் சிலவற்றைக் கொடுத்து, இவற்றையும் ஆராய்க என்றார். அவ்வாய்விலிருந்தே கஃபீன் பிறந்தது.

இலை அளந்து கொடுக்காது

இனி நம் வினாவிற்கு வருவோம். நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது எது? அளவு என்று எவரும் எளிதில் கூறிவிடலாம். ஆனால் அளவை அறிவது யார்? செடி அறியுமா?

ஊமத்தை தன் ஆல்கலாய்டுகளை வேரில் ஆக்கி, மேலே அனுப்புகிறது. இதை ஒட்டுக்கட்டி மெய்ப்பித்தனர். ஊமத்தை வேரின்மேல் தக்காளிக் கிளையை ஒட்டினால் தக்காளி இலையில் நஞ்சு ஏறும். தக்காளி வேரின்மேல் ஊமத்தையை ஒட்டினால் ஊமத்தை இலையில் நஞ்சு இராது. வேரிலிருந்து எவ்வளவு மேலே வருகிறது என்பது செடியின் வயது, மண், பருவம் ஆகியவற்றைப் பொறுத்தது. இலைக்கும் விதைக்கும் வேறுபாடு உண்டு. ஒரே வேலியோரத்தில் நிற்கும் இரண்டு செடிகளுக்கும் வேறுபாடு உண்டு. ஆகவே 'ஓர் இலை' என்பதோ 'ஒரு காய்' என்பதோ அளவே அன்று. நேற்று ஒன்றும் செய்யாத அதே அளவு இன்று ஒருவரைக் கொன்றுவிடலாம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பிற்காக வடக்கே வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் ஆச்சி மூட்டு வீக்கத்திற்கு ஊமத்தை இலையை எண்ணெயில் வதக்கி ஒத்தடம் கொடுப்பார். ஆனால் அவ்விலை அடுக்களைக்குள் வர விடமாட்டார். திண்ணையிலேயே வதக்கி, கையைச் சீயக்காய் இட்டுக் கழுவிய பின்பே உள்ளே வருவார். அளவு தெரியாத பொருளிடம் காட்டவேண்டிய அச்சம் அது. நம் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களும் ஊமத்தையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. இந்திய மருந்துச் சட்டத்தின் விதிகளிலும், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உண்ணத்தக்க நச்சுப் பொருள்களின் பட்டியலில் ஊமத்தை இடம்பெற்றுள்ளது.

அளவறியாது உட்கொள்வதன் தீங்கு பிறநாடுகளிலும் காணப்பட்டது. 2019-இல் உகாண்டா நாட்டில், உதவியாக வழங்கப்பட்ட ஊட்டச்சத்து மாவில் ஊமத்தை இனத்தின் நச்சு கலந்திருந்ததால் 5 பேர் இறந்தனர். ஏறத்தாழ 300 பேர் நோயுற்றனர். 2022-இல் ஆஸ்திரேலியாவில் கீரையோடு ஊமத்தை இனக் களை கலந்து விற்பனைக்கு வந்து பலரைப் பிதற்றவைத்தது. வயலில் களை எடுப்பதும் ஓர் உயிர்காக்கும் தொழில்தான் என்பதை இவை உணர்த்துகின்றன.

சென்னையில் எழுந்த புகை

அளந்து கொடுக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு நம் சென்னையோடு தொடர்புடைய வரலாறு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். இரைப்பு நோய்க்கு ஊமத்தையின் புகையை இழுப்பது இந்நாட்டு மக்களின் வழக்கம். அதை அவர் கைக்கொண்டார். அவரிடம் கற்ற படைத்தலைவர் ஜென்ட் என்பவர் 1802-இல் அம்முறையைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். பின்னர் ஊமத்தைச் சுருட்டுகள் ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக்கடைகளில் நெடுங்காலம் விற்கப்பட்டன. மூச்சுக்குழலின் பூட்டுகள் அடைபட்டதும் அதன் தசை தளர்ந்து மூச்சு எளிதாகிறது. மருந்து வேலை செய்தது உண்மையே. ஆனால் புகையில் அளவு ஏது? சிலருக்கு மூச்சுத் திறந்தது. சிலருக்குப் பித்தும் பிடித்தது.

இச்சிக்கலை வேதியியலார் தீர்த்த விதம் அழகானது. டிரோப்பேன் பாலத்தில் உள்ள நைட்ரஜனோடு மேலும் ஒரு கரித் தொகுதியை இணைத்தனர். அப்போது நைட்ரஜன் நிலையான நேர்மின்னேற்றம் பெறுகிறது. மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு மூளையைக் காக்கும் கொழுப்புத் தடையைத் தாண்டிச் செல்ல இயலாது. நுரையீரலில் இட்டால் பெரும்பாலும் அங்கேயே தன் வேலையைச் செய்துவிட்டு நிற்கும். 1970-களில் வந்த இப்ரட்ரோப்பியமும், அதன்பின் வந்த டையோட்ரோப்பியமும் இவ்வாறு பிறந்தவையே. டையோட்ரோப்பியம் மூச்சில் இழுக்கும் உறை ஒன்றில் 18 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் பதினெட்டுப் பங்கு! குப்பைமேட்டுச் செடிக்கும் இந்த உறைக்கும் இடையே உள்ள தொலைவுதான் மருந்தியல்.

கண் மருத்துவத்திலும் இத்தகைய அளவீட்டைக் காணலாம். சிறுவர்களின் கிட்டப்பார்வை மேலும் மேலும் ஏறாமல் தடுக்க அட்ரோப்பின் சொட்டு மருந்து உதவுகிறது. சிங்கப்பூரில் நடந்து, 2012-இல் வெளியான ஆய்வு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு அட்ரோப்பின் உள்ள மிக மெல்லிய கரைசலும் பயன் தருகிறது, இடர் மிகக் குறைவு என்று காட்டியது.

செடியையே நம்பியிராமல் மருந்தைப் பெறவும் வழி தேடுகின்றனர். உலகின் ஸ்கோப்பொலமின் தேவையில் பெரும்பகுதியை, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த துபோய்சியா என்னும் ஆஸ்திரேலிய மரத்தின் இலைகள் நிறைவு செய்கின்றன. 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தினர், ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்டில் பிற உயிர்களின் மரபணுக்களைப் பொருத்தி, ஹயோசயமினையும் ஸ்கோப்பொலமினையும் அதிலேயே உண்டாக்கிக் காட்டினர். வறட்சியும் புயலும் மருந்தின் வரவைக் கெடுக்காத காலம் இதனால் வரலாம்.

நஞ்சுக்கு நஞ்சு

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் இன்றியமையாத பகுதி. நாம் ஊருக்குச் செல்லும் கங்கா காவேரி விரைவு வண்டி புறப்படும் சாப்ரா நகரை எல்லாரும் அறிவோம். அம்மாவட்டத்தின் கண்டாமன் என்னும் சிற்றூரில், 2013 ஜூலை 16 அன்று, பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது.

இவ்வகைப் பூச்சிக்கொல்லிகளை ஆர்கனோபாஸ்பரஸ் நச்சுகள் என்பர். உடலில் அசிட்டைல்கொலின் தன் வேலையை முடித்தவுடன் அதைச் சிதைத்து அப்புறப்படுத்தும் நொதி ஒன்று உண்டு. இந்நச்சு அந்நொதியை முடக்கிவிடுகிறது. அப்போது அசிட்டைல்கொலின் வெள்ளமெனப் பெருகுகிறது. முன்பு ஊமத்தைக்குக் கூறிய குறிகளைத் தலைகீழாகத் திருப்புங்கள். இந்நஞ்சின் குறிகள் வந்துவிடும். பாவை ஊசிமுனையளவு சுருங்கும், வாயிலும் கண்ணிலும் நீர் வழியும், வியர்வை கொட்டும், இதயம் தளரும், நுரையீரல் தன் நீரிலேயே மூழ்கும். கரையில் இருந்துகொண்டே ஒருவர் மூழ்கி இறக்கும் கொடுமை இது.

இங்கேதான் அட்ரோப்பின் உயிர்த்தோழனாக வருகிறது. பெருகிவரும் சாவிகளுக்கு முன்னே ஓடிச்சென்று பூட்டுகளை அடைக்கிறது. நம் நாட்டில் அட்ரோப்பின் ஊசி மருந்து 0.6 மில்லிகிராம் கொண்ட சிறு குப்பிகளாகக் கிடைக்கிறது. கடும் நஞ்சேறியவருக்கு முதலில் 3 குப்பி செலுத்தவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரல் தெளியாவிட்டால் 5 நிமிடத்திற்குப் பின் 6, அடுத்து 12, அடுத்து 24 என்று இரட்டித்துக்கொண்டே போகவேண்டும். கூட்டிப் பாருங்கள்: முதல் கால் மணி நேரத்திலேயே 45 குப்பிகள்! நலமாக உள்ள ஒருவருக்கு இந்த அளவைச் செலுத்தினால் அவர் உயிருக்கே ஆபத்து. அதே அளவு இவரை மீட்கிறது. அளவு என்பது பொருளின் எடை மட்டும் அன்று. எந்த உடலில், எந்த நேரத்தில் என்பதும் அதில் அடங்கும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

கொடுக்கும் முறையும் அவ்வளவே முக்கியம். வங்காளதேசத்தின் சிட்டகாங் மருத்துவமனையில் நடந்து, 2012-இல் வெளியான ஆய்வில், பழைய முறைப்படி விட்டுவிட்டு அட்ரோப்பின் பெற்றோரில் 100-க்கு 22 பேருக்கு மேல் இறந்தனர். விரைந்து இரட்டித்து, பின் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து பெற்றோரில் 100-க்கு 8 பேரே இறந்தனர். புதிய மருந்து ஏதும் இல்லை. விலை உயர்ந்த கருவியும் இல்லை. இருந்த மருந்தையே அறிந்து கொடுத்ததன் விளைவு இது.

அட்ரோப்பினால் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணவும் கூடாது. தசைகளை ஆளும் பூட்டுகள் வேறு வகை. அவற்றில் அட்ரோப்பின் நுழையாது. மூச்சுத்தசை தளர்ந்தால் செயற்கை மூச்சுக் கருவிதான் துணை. ஆயினும் அங்கே போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்துவைப்பது அட்ரோப்பினே. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதற்குக் காரணமும் இதுவே. பயிர்த்தொழில் நடக்கும் பகுதிகளில் உள்ள ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இக்குப்பிகள் நிறைய இருக்கவேண்டும். ஒரு கைப்பிடி போதாது என்பதற்கு மேலே கண்ட கணக்கே சான்று.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1864-இல் பிராகு நகரில் அட்ரோப்பினை உட்கொண்டு நஞ்சேறிய கைதிகளுக்கு, ஆப்பிரிக்காவின் கலபார் என்னும் நச்சு அவரையின் சாற்றைக் கொடுத்து மருத்துவர் ஒருவர் பயன் கண்டார். அவ்வவரையில் உள்ள பைசோஸ்டிக்மின், பூச்சிக்கொல்லியைப் போலவே நொதியைத் தடுப்பது. ஆனால் சிறிது நேரமே தடுப்பது. ஊமத்தைக்கு அவரை முறிவு. அவரைக்கு ஊமத்தை முறிவு!

நாம் செய்யத்தக்கவை

காசியில் வாழும் மாணவர்களாகிய நமக்கு இச்செய்தி ஏட்டுச் செய்தியாக நின்றுவிடக் கூடாது. சிவராத்திரியிலும் ஹோலியிலும் தண்டாயி அருந்தும் வழக்கம் இங்கு உண்டு. அதில் பாங்கு கலப்பது போதாதென்று, வேகம் கூட்டுவதற்காக ஊமத்தை விதையையும் அரைத்துச் சேர்ப்பவர் சிலர் உளர். 'சாமிக்குப் படைப்பதுதானே, சிறிது சுவைத்தால் என்ன?' என்று கேட்கும் நண்பர்களை நானே கண்டிருக்கிறேன். அன்பர்களே, அந்தச் சிறிது எவ்வளவு என்பதை அரைத்தவரும் அறியார், குடிப்பவரும் அறியார். ஊமத்தை தருவது இன்ப மயக்கம் அன்று. அச்சமும் பிதற்றலும் நினைவிழப்புமே. மாடியிலிருந்தோ கங்கைப் படித்துறையிலிருந்தோ தவறி விழவும் அதுவே போதும்.

வழிப்பயணத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1856-இல் நார்மன் செவர்ஸ் என்ற மருத்துவர் இந்திய நீதி மருத்துவம் பற்றி எழுதிய நூலில், வழிப்போக்கர்களுக்கு உணவில் ஊமத்தையைக் கலந்து கொடுத்துப் பொருளைப் பறிக்கும் கூட்டத்தாரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். இன்று மருந்துகள் மாறியிருக்கலாம், சூழ்ச்சி மாறவில்லை. இரண்டு நாள் இரயிலில் செல்லும் நாம், முன்பின் அறியாதார் நீட்டும் தின்பண்டத்தை வணங்கி மறுத்துவிடுவதே நலம்.

எவரேனும் ஊமத்தையை உட்கொண்டு பிதற்றத் தொடங்கினால், தூங்கினால் தெளிந்துவிடும் என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். மோரும் எலுமிச்சையும் கொடுத்துக் காலத்தைக் கழிக்காதீர்கள். விழுங்க இயலாத தொண்டையில் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். உண்ட காயோ விதையோ எஞ்சியிருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நச்சுத் தகவல் மையம் ஒன்று இயங்குகிறது. மருத்துவர்கள் அங்கு ஆலோசனை பெறலாம். பூச்சிக்கொல்லி பட்டவராயின் நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் தம் கைக்கு உறை இட்டுக்கொள்ளவேண்டும். எண்ணெய்க் குப்பியையும் மருந்துக் குப்பியையும் மாற்றிப் பயன்படுத்தாதிருத்தல் எல்லாவற்றினும் முதற்கடமை.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வயலில் மருந்தடிக்கும் உறவினர்களிடம் இவற்றைக் கூறுங்கள். அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் அட்ரோப்பின் குப்பிகள் எத்தனை இருப்பில் உள்ளன என்று கேட்டுப் பாருங்கள். படித்தவர் கேட்டால் பதில் வரும். பதில் இல்லையெனில் இருப்பாவது வரும்.